பழைய சொகுசு எஸ்.யூ.வி. வாங்குமுன்: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

பத்து வருடம் ஓடிய பிஎம்டபிள்யூ எக்ஸ்3, ஆடி கியூ7, மெர்சிடிஸ் எம்எல் எல்லாம் இன்று புது ஹேட்ச்பேக் விலைக்கே கிடைக்கின்றன. இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். அறுபது லட்சத்துக்கு விற்ற வண்டியின் கியர்பாக்ஸ் இன்றும் அறுபது லட்ச வண்டியின் கியர்பாக்ஸ்தான். ஸ்ப்ரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகளில் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனும் அப்படித்தான்.

தினசரி ஓட்டத்துக்கு இப்படி ஒரு வண்டி எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். டாஷ்போர்டில் ஐந்தாறு விளக்கு எரிவதைப் பார்த்துப் பயந்து, பேட்டரி மாற்றினாலே சரியாகிவிடும் நல்ல வண்டியை விட்டுவிடுவது ஒன்று. காலையில் நாலு நொடி மட்டும் கேட்கும் மெல்லிய உரசலை ‘டீசல்னா அப்படித்தான் இருக்கும்’ என்ற பேச்சை நம்பி, எஞ்சினையே இறக்க வேண்டிய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பது இன்னொன்று. இந்த வண்டிகளில் அறிகுறியின் ஆர்ப்பாட்டத்துக்கும் செலவின் அளவுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆகவே எந்த அறிகுறியானாலும் காசில்லாமல் செய்யக்கூடிய சோதனையில் ஆரம்பித்து, படிப்படியாக உள்ளே போக வேண்டும்.

கீழே உள்ளவை பெரும்பாலும் 2010 முதல் 2016 வரை இந்தியாவில் விற்ற டீசல் வண்டிகளுக்குப் பொருந்தும்: பிஎம்டபிள்யூ எக்ஸ்1 (இ84), எக்ஸ்3 (எஃப்25), எக்ஸ்5 (இ70), ஆடி கியூ5, கியூ7, மெர்சிடிஸ் எம்எல்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்

பார்க்க வருகிறோம் என்று போனில் சொல்லும்போதே, நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து ஆயில் மூடிமேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்று பார்ப்பதில் பயனில்லை, இன்னொரு நாள் காலையில் போங்கள். சங்கிலிச் சத்தம், இன்ஜெக்டர் திணறல், ஸ்டார்ட்டில் வரும் புகை எல்லாம் குளிர்ந்த எஞ்சினில்தான் தெரியும்.

மல்டிமீட்டர், டார்ச், டயர் ஆழம் அளக்கும் கேஜ், அளவு டேப், சோப்பு நீர் நிரப்பிய ஸ்ப்ரே, ஒரு லிட்டர் தண்ணீர் இவை கையில் இருக்கட்டும். ஸ்கேனர் அவசியம். சந்தையில் கிடைக்கும் மலிவு புளூடூத் கருவி எஞ்சினின் கோளாறுக் குறியீடுகளை (‘கோட்’) மட்டும் படிக்கும். ஏபிஎஸ், கியர்பாக்ஸ், ஏர் சஸ்பென்ஷன், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) என்று எல்லா மாட்யூலையும் (கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) படிக்க பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, ஆடிக்கு விசிடிஎஸ், மெர்சிடிஸுக்கு ஜென்ட்ரி என்ற ஸ்கேனர் மென்பொருள்கள் வேண்டும். ஜெர்மன் வண்டி மட்டும் பார்க்கும் ஷெட்களில் இவை இருக்கும். கூலி கொடுத்து மெக்கானிக்கையும் கருவியையும் கூட்டிப் போவது இந்தக் கொள்முதலில் மிக நல்ல செலவு.

மலிவுக் கருவிக்கும் ஒரு வேலை உண்டு. ‘கோட் அழித்த பிறகு ஓடிய தூரம்’ என்று ஒரு அளவை அது எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் காட்டும். அங்கே 12 கிலோமீட்டர் என்று வந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ கோளாறுகளை அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதல் ஸ்டார்ட்டில் எஞ்சினின் பின்பக்கமிருந்து சங்கிலி உரசும் சத்தம்

மிகக் கவனமாகக் காது கொடுக்க வேண்டிய அறிகுறி இது. எக்ஸ்1, ஆரம்ப எக்ஸ்3 ஆகியவற்றில் இருக்கும் 2 லிட்டர் என்47 எஞ்சினில் டைமிங் செயின் எஞ்சினின் முன்பக்கம் இல்லை. கியர்பாக்ஸ் ஒட்டும் பின்பக்கத்தில் இருக்கிறது. செயினை அழுத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் கைடுகள் தேய்ந்து, செயின் தளர்ந்து, கவரில் உரசும். அறுந்தால் வால்வுகளில் பிஸ்டன் மோதும். அதற்குப் பிறகு அந்த எஞ்சினை வைத்துச் செய்வதற்கு ஒன்றுமில்லை. 2007 முதல் 2011 வரை வந்த எஞ்சின்களில் இது அதிகம். பிறகு பாகங்களைத் திருத்தினார்கள், ஆனால் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஆடியின் 3 லிட்டர் டிடிஐ, மெர்சிடிஸின் 4 சிலிண்டர் ஓஎம்651 இரண்டிலும்கூட செயின் பின்பக்கம்தான்.

சோதிக்கும் முறை: ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும், நீங்கள் திறந்த பானெட்டின் ஃபயர்வால் (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் சுவர்) பக்கம் நில்லுங்கள். ஐடிலில் ஒரு நிமிடம் கேட்டபின், 1,500 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். ‘சர்ர்’ என்று உலோகம் உரசும் சத்தம் ஆர்பிஎம்மோடு ஏறி இறங்கி, பின்பக்கமிருந்து வந்தால் செயின் மேல் சந்தேகப்பட வேண்டும். முன்பக்கமிருந்து வந்தால் மூச்சு விடலாம்: பெல்ட் டென்ஷனர், ஆல்டர்னேட்டர் புல்லி, அல்லது ரப்பர் விட்டுப்போன கிராங்க் புல்லி. இவை வெளியிலிருந்தே மாற்றக்கூடியவை. உறுதி செய்ய, ஷெட்டில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி முன்பக்கம்தான்.

செயின்தான் என்று தெரிந்தால் பழுது விலையை மட்டும் கழித்துக்கொண்டு வாங்குவது சரியாக வராது. கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும், பல ஷெட்களில் எஞ்சினையே இறக்கிவிடுவார்கள். மேல் கீழ் செயின், கைடுகள், டென்ஷனர் எல்லாம் ஒருசேர மாற்ற வேண்டும். இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துவது பழைய ஆயில். கம்பெனி அட்டவணை 25,000 கிலோமீட்டர் வரை போகலாம் என்றது. நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் மாற்றிய பில்கள் இருந்தால் அந்த வண்டிக்குக் கூடுதலாக ஐம்பதாயிரம் கொடுத்தாலும் தகும். ஆயில் பிஎம்டபிள்யூ எல்எல்-04 தரத்தில் இருந்ததா என்பதையும் பில்லில் பாருங்கள்.

டாஷ்போர்டு முழுக்க விளக்கு: ஏபிஎஸ், 4x4, ஏர்பேக், ஸ்டீயரிங்

பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் மலிவாக முடியும். சம்பந்தமில்லாத நாலைந்து அமைப்புகள் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். எல்லாவற்றுக்கும் பொதுவானது மின்சாரம்.

முதலில் பேட்டரி. ஒரு இரவு நின்ற வண்டியில் 12.5 வோல்ட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி காலி, 12க்குக் கீழ் என்றால் பேட்டரி போய்விட்டது. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.6க்குக் கீழே விழுந்தாலும் அதே முடிவுதான். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.8 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. பிஎம்டபிள்யூவில் பேட்டரி டிக்கியில் இருக்கும், அளப்பதற்கு பானெட்டுக்குள் உள்ள ஜம்ப் முனைகளே போதும்.

எந்தப் பேட்டரி போட்டிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஏஜிஎம் வகைதான் வரும். விற்பதற்கு முன் செலவைக் குறைக்க சாதாரண பேட்டரி போட்டிருந்தால் சில மாதங்களில் மறுபடி விளக்குகள் எரியத் தொடங்கும். பிஎம்டபிள்யூவில் புதுப் பேட்டரியை ஸ்கேனர் வழியாகப் பதிவு செய்யவும் வேண்டும். பதியாவிட்டால் வண்டி பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே சார்ஜ் ஏற்றும். புதியதும் சீக்கிரம் சாகும்.

பேட்டரி நன்றாக இருந்தும் ஏபிஎஸ், டிஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு), 4x4 மூன்று மட்டும் சேர்ந்து எரிந்தால் சக்கர வேக சென்சாரைப் பாருங்கள். ஸ்கேனரில் நாலு சக்கரத்தின் வேகத்தையும் திறந்து வைத்துக்கொண்டு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் மூன்று 20 காட்டும், ஒன்று பூஜ்யம் காட்டும். அந்தச் சக்கரத்துக்கு ஒரு சென்சார், சில நேரம் வெறும் வயர் சுத்தம், அவ்வளவுதான்.

ஒரு இரவு நின்றால் ஸ்டார்ட் ஆவதில்லை

பேட்டரி புதிது, ஆனாலும் காலையில் உயிர் இல்லை என்றால் ஏதோ ஒன்று தூங்காமல் மின்சாரம் குடிக்கிறது. டிசி ஆம்பியர் படிக்கும் கிளாம்ப் மீட்டரை நெகடிவ் கேபிளில் மாட்டுங்கள். கேபிளைக் கழற்றி மீட்டரை இடையில் வைக்க வேண்டாம். கழற்றி மாட்டினால் மாட்யூல்கள் மறுதொடக்கமாகி, தேடும் கோளாறே மறைந்துவிடும். டிக்கி, கதவு லாட்ச்களை ஸ்க்ரூடிரைவரால் தட்டி மூடியதுபோல ஆக்கி, வண்டியைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழ் வந்து நிற்க வேண்டும். 300, 400 என்று நின்றால், ஒவ்வொரு ஃபியூஸின் மேல் உள்ள இரண்டு சிறு முனைகளிலும் மில்லிவோல்ட் அளந்துகொண்டே போங்கள். பூஜ்யம் காட்டாத ஃபியூஸின் பாதையில்தான் குற்றவாளி இருக்கிறது.

இந்த அறிகுறியின் பின்னால் அடிக்கடி இருப்பது தண்ணீர். பனோரமிக் சன்ரூஃப் உள்ள எக்ஸ்5, கியூ7 இரண்டிலும் சன்ரூஃபின் நாலு மூலையிலிருந்தும் சிறு குழாய்கள் தூண்களுக்குள் இறங்கி, மழைநீரை வெளியே விடும். தூசியும் வேப்பம்பூவும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கேபினுக்குள் இறங்கும். எக்ஸ்5இல் பின்குழாய் அடைத்தால் டிக்கி தரைக்குக் கீழே, பேட்டரியும் எலக்ட்ரானிக் பெட்டிகளும் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வரும். கியூ7, எம்எல் இரண்டிலும் பேட்டரி முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கே கார்ப்பெட்டை அழுத்திப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும்.

சோதனை எளிது. சன்ரூஃபைத் திறந்து, ஒரு மூலையின் வாய்க்காலில் கால் லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன்மூலை என்றால் முன்சக்கரத்துக்குப் பின்னால், சில நொடிகளில் தரையில் கோடாக வழிய வேண்டும். வாய்க்காலிலேயே தேங்கி நின்றால் அடைப்பு. நின்ற தண்ணீர் மெதுவாக இறங்கி, ஆனால் கீழே எங்கும் வராவிட்டால் நிலைமை மோசம்: குழாய் இணைப்பிலிருந்து கழன்று உள்ளே கொட்டுகிறது. அடைப்பை எடுக்க புல்வெட்டும் மெஷினின் நைலான் நரம்பை மேலிருந்து விட்டு முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றை அடிக்கக் கூடாது. அந்த அழுத்தம் குழாயைக் கழற்றிவிட்டால் பிறகு ரூஃப் லைனிங்கையே இறக்க வேண்டி வரும்.

கியர் மாறும்போது வெட்டுகிறது. ரிவர்ஸ் போட்டால் தாமதித்துப் பிடிக்கிறது

குளிரில் அல்ல, சூட்டில் சோதிக்க வேண்டிய அறிகுறி. அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிய பிறகு, சிக்னலுக்கு மெதுவாக நிறுத்தும்போது 3–2, 2–1 இறக்கத்தில் முதுகில் தள்ளுகிறதா பாருங்கள். பிறகு நிறுத்தி ‘டி’யிலிருந்து ‘ஆர்’ (ரிவர்ஸ்) நிலைக்கு மாற்றுங்கள். ஒரு நொடிக்கு மேல் தாமதித்து, ‘டக்’ என்று விழுந்தால் கியர்பாக்ஸ் ஆயிலும் மெக்கட்ரானிக்கும் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) கேள்விக்குரியவை.

ஷோரூம்காரர்கள் ‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்பார்கள். பிஎம்டபிள்யூவின் 6, 8 வேக கியர்பாக்ஸைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. இந்த விலைக்கு வரும் வண்டிகள் எல்லாமே அந்தக் கெடுவைத் தாண்டியவை. ஆகவே ஆயில் மாற்றாத வண்டி என்றால் அதைக் கட்டாயச் செலவாக விலையிலேயே கழியுங்கள்.

மாற்றும் முறையில் பலர் கெடுத்துவிடுகிறார்கள். ஃபில்டர், பிளாஸ்டிக் பானுடன் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டு) சேர்ந்தே வருகிறது. முழு பானையும் மாற்ற வேண்டும். கீழே வடிப்பதற்கு முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். அது வராவிட்டால், காலியான கியர்பாக்ஸோடு வண்டி ரேம்ப்பிலேயே நிற்கும். பானைக் கழற்றினால் ஏறக்குறைய பாதி ஆயில்தான் வெளியே வரும், மீதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அளவு பார்ப்பது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, நிரப்பும் துளையிலிருந்து மெல்லியதாக வழியும் நிலையில். வெப்பத்தை ஸ்கேனரில் பார்க்காமல் குத்துமதிப்பாக நிரப்பினால், பழைய வெட்டு போய்ப் புது வெட்டு வரும். 6 வேகப் பெட்டியில் பான் போல்ட் ஓரமாகவும் வயர் இணைப்பைச் சுற்றியும் ஆயில் கசிந்திருந்தால் மெக்கட்ரானிக் ஸ்லீவ். விலை குறைந்த பாகம், ஆயில் மாற்றும்போதே சேர்த்துச் செய்துவிடலாம்.

மெர்சிடிஸின் 7 வேகப் பெட்டியில் அறிகுறி வேறு மாதிரி: ஒரே கியரில் மாட்டிக்கொண்டு வேகம் ஏறாது, அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். உள்ளே இருக்கும் கண்டக்டர் பிளேட்டில் வேக சென்சார் போயிருக்கும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய பிளேட்டை மாட்டினால் வேலை செய்யாது, அது முந்தைய வண்டியோடு பூட்டப்பட்டிருக்கும். ஜென்ட்ரியில் புரோகிராம் செய்யத் தெரிந்த ஆளிடம்தான் போக வேண்டும். கியூ5இல் வருவது இரட்டை கிளட்ச் எஸ் டிரானிக். அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர் மாற்றிய சான்று இல்லாவிட்டால் அடுத்த வண்டியைப் பார்ப்பதே நல்லது.

மெதுவாகத் திருப்பும்போதும் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதும் நடுங்குகிறது

இதையும் கியர்பாக்ஸ் என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுகிறார்கள். எக்ஸ்டிரைவ் (நாலு சக்கர இழுவை) பிஎம்டபிள்யூவில் 20 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து விடுவதுபோல நடுக்கம் வந்தால் முதலில் டயரைப் பாருங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் முன், பின் அச்சுகளின் வேகத்தை ஒப்பிட்டு கிளட்ச்சை இறுக்கும். முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புதியது என்றால் சுற்றளவு வேறுபடும், கிளட்ச் ஓயாமல் வழுக்கும், ஆயில் எரியும். நாலு டயரின் ஆழத்தையும் கேஜால் அளந்து எழுதுங்கள். முன்பின் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். ரன்ஃபிளாட் டயர் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை) நாலும் காலாவதி என்றால் அந்தத் தொகை ஒரு சின்ன எஞ்சின் வேலைக்குச் சமம், பேரத்தில் கேளுங்கள்.

டயர் சரியென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில். ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது; ஆனால் அதற்கென்றே உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும், மாற்றியபின் ஸ்கேனரில் தழுவல் மதிப்பை (தேய்மானத்துக்கு ஏற்ப கம்ப்யூட்டர் கற்று வைத்த அளவு) மீட்டமைக்க வேண்டும். அதற்குப் பின்னும் நடுங்கினால் ஷெட்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பின்சக்கர ஓட்டத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் கோளாறு அங்கேதான். பலமுறை மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் மட்டுமே தேய்ந்திருக்கும், அதைத் தனியாகவே மாற்றலாம். நடுக்கம் அப்படியே தொடர்ந்து, அதுவும் 60 முதல் 80 வேகத்தில் சீராக ஓட்டும்போது வந்தால், டார்க் கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச். அப்போது முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

காலையில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்து கிடக்கிறது

கியூ7, எம்எல் ஏர் சஸ்பென்ஷன் வண்டிகள், பின்பக்கம் ஏர் உள்ள எக்ஸ்5. முதல் நாள் இரவு சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையும் அளந்து எழுதி, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அளக்கவும். விற்பவர் ஒத்துக்கொண்டால் இதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பை அல்லது அதன் குழாய் இணைப்பு. முன்பக்கம் முழுதும் அல்லது நாலும் இறங்கினால் வால்வு பிளாக்கைச் சந்தேகியுங்கள். சோப்பு நீரைப் பையின் மடிப்பிலும் குழாய் முனையிலும் அடித்தால் நுரை காட்டிக்கொடுக்கும்.

எக்காரணம் கொண்டும் முதலில் கம்ப்ரஸரை மாற்ற வேண்டாம். பை கசிவதால்தான் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, சூடேறி எரிகிறது. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டாலும் அது நிற்காமல் ஓடும். கசிவை அடைத்து, ரிலே மாற்றி, கடைசியில் தேவைப்பட்டால் கம்ப்ரஸர். வரிசை மாறினால் புதுக் கம்ப்ரஸரும் சில மாதத்தில் எரியும். டயர் மாற்ற ஜாக்கி போடும் முன் மெனுவில் ஜாக் மோடைப் போட மறக்காதீர்கள்.

கூலன்ட் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை

2018இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் வண்டிகள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. காரணம் ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்): உள்ளே கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான வாயுவில் கனன்று, பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டை உருக்கியது. கம்பெனி பல நாடுகளில் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் பிஎம்டபிள்யூ டீசலின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகால் நிலுவை இருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். நிலுவை இருந்தால் காசில்லாமல் செய்து தருவார்கள்.

ஈஜிஆர் கூலர் கசியவில்லையென்றால் பார்க்க வேண்டியது வாட்டர் பம்ப் ஓரம் காய்ந்த வெள்ளைத் தடம், கடைசியாக ஹெட் கேஸ்கட். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனைக் குழாய் மஞ்சளானால் எஞ்சினில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது என்று பொருள். அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

டிபிஎஃப் விளக்கு, மைலேஜ் குறைவு, ஆயில் அளவு ஏறுகிறது

மூன்றும் ஒரே கோளாறின் மூன்று முகமாக இருக்கலாம். நகரத்துக்குள் ஐந்து கிலோமீட்டர் போய் வரும் வண்டியில், புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியான டிபிஎஃப்புக்கு அந்தக் கரியை எரிக்க நேரம் கிடைக்காது. பாதியில் நின்ற எரிப்புகளின் டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து அளவை ஏற்றும், ஆயிலின் பிசுக்கைக் குறைக்கும்.

டிபிஎஃப்பைக் கழுவுவதற்கு முன் கூலன்ட் வெப்பத்தை ஸ்கேனரில் பாருங்கள். 20 நிமிடம் ஓடிய பின்னும் 75 டிகிரியைத் தாண்டாவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது. எஞ்சின் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் எரிப்பையே தொடங்காது. டாஷ்போர்டு முள்ளில் இது தெரியாது, பல மாடல்களில் முள்ளே கிடையாது. தெர்மோஸ்டாட் மாற்றி, 60க்கு மேலான சீரான வேகத்தில் அரை மணி நேரம் பைபாஸில் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும்.

பிஎஸ்4 காலத்து வண்டிகள் சிலவற்றில் டிபிஎஃப் வந்தது, சிலவற்றில் இல்லை. சேஸிஸ் எண்ணை வைத்துப் பாகப் பட்டியலில் பாருங்கள். இருக்க வேண்டிய வண்டியில் சைலன்ஸர் வாயில் விரல் விட்டால் கறுப்புக் கரி ஒட்டுகிறதா? உள்ளே உடைத்து எடுத்திருக்கிறார்கள். தினசரி ஓட்டமே ஐந்தாறு கிலோமீட்டர்தான் என்பவர்கள் இந்த டீசல்களை எடுக்கவே வேண்டாம், பெட்ரோல் பாருங்கள்.

திடீரென்று இழுவை போய்விடுகிறது. எஞ்சின் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஆயில் சொட்டு

இழுவை இழப்புக்கு உடனே டர்போ மாற்றச் சொல்வார்கள். அதற்குமுன் இன்டர்கூலர் ஹோஸ் வெடிப்பையும் விரல் தடிமன்கூட இல்லாத வேக்குவம் குழாய்களையும் பார்க்க வேண்டும். ஹோஸ் இணைப்பில் எண்ணெய் ஈரம் படிந்திருந்தால் காற்று அங்கேதான் போகிறது.

எம்எல் 350இன் வி6 ஓஎம்642இல் தனிக் கதை உண்டு. டர்போவின் காற்று நுழைவாயில் சீல் கசிந்து, அடியில் உள்ள ஸ்வர்ல் மோட்டாரில் (இன்டேக் காற்றைச் சுழலவிடும் மடிப்புகளை இயக்குவது) ஆயில் சொட்டி அதைக் கெடுக்கும். வண்டி லிம்ப் மோடுக்கு (இழுவையைக் குறைத்துத் தற்காத்துக்கொள்ளும் நிலை) போகும். மோட்டாரை மட்டும் மாற்றி சீலை விட்டால் மறுபடி அதே கதை. அதே எஞ்சினில் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப்பள்ளத்தில் இருக்கும் ஆயில் கூலரின் சீல்களும் காய்ந்து கசியும். ஆயில் பள்ளத்தில் தேங்கி, பின்னால் வழிந்து, கியர்பாக்ஸ் இணையும் இடத்தில் சொட்டும். அதைக் கிராங்க் பின்சீல் என்று நினைத்து கியர்பாக்ஸைக் கழற்றியவர்கள் உண்டு. எண்டோஸ்கோப்பை (குழாய் முனையில் கேமரா உள்ள கருவி) மேலிருந்து பள்ளத்துக்குள் விட்டுப் பாருங்கள். குளம் தெரிந்தால் கூலர். சீல் விலை சொற்பம், டர்போவையும் மேனிஃபோல்டையும் கழற்றும் கூலிதான் பெரிது. மாற்றும்போது திருத்தி வந்த ஊதா நிற சீல்களையே போடச் சொல்லுங்கள்.

வெள்ளத்தின் தடயம்

சென்னையில் 2015 டிசம்பர், கேரளத்தில் 2018 ஆகஸ்ட், மறுபடி சென்னையில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்: மூன்றிலும் மூழ்கிய சொகுசு வண்டிகள் இன்ஷூரன்ஸ் ஏலம் வழியாகச் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டை முடிவுவரை இழுங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருக்கும், யாரும் அதைக் கழுவுவதில்லை. சீட் தண்டவாளத்தின் போல்ட்கள் துருவா? ஸ்டெப்னி குழியில் மணலா? முன்சீட்டுக்கு அடியில் உள்ள வயர் கனெக்டரைத் திறந்தால் பச்சை பூத்திருக்கிறதா? இதில் ஒன்று உறுதியானாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். எலக்ட்ரானிக் கோளாறு ஒவ்வொன்றாக வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

எந்த அறிகுறியுமே இல்லை

பத்து வருட வண்டியில் ஒரு பழைய கோட்கூட இல்லை, எஞ்சின் அறை பளபளவென்று கழுவப்பட்டிருக்கிறது, ஓட்டம் 48,000 மட்டுமே. இதுவும் ஓர் அறிகுறிதான். ஓட்டத்தை மீட்டரில் மட்டும் குறைப்பார்கள். பல வண்டிகளில் அந்த எண் வேறு மாட்யூல்களிலும் பதிந்திருக்கும். பழைய கோளாறு எந்தக் கிலோமீட்டரில் வந்தது என்பதும் சில இடங்களில் மிச்சமிருக்கும். ஸ்கேனரில் ஒப்பிடுங்கள். கம்பெனி சர்வீஸ் பதிவையும் பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியையும் கேட்டு வாங்குங்கள்.

டெல்லிப் பதிவு என்றால் கூடுதல் கவனம். பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகளைத் தலைநகர்ப் பகுதியில் ஓட்டத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடை விதித்தது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. அதன்பின் உத்தரவுகள் மாறி வந்தாலும், வயதான டீசல்கள் தெற்கே மலிவாக இறங்கத் தொடங்கியது அப்போதுதான். மலிவு உண்மைதான், ஆனால் கணக்கு முடியவில்லை: படிவம் 28இல் என்.ஓ.சி., கடன் இருந்தால் வங்கியின் படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30, அதோடு தமிழ்நாட்டு வாழ்நாள் வரி. வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். முதல் பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால், 2012 வண்டிக்கு 2027இல் புதுப்பிக்கும் செலவும் வந்து சேரும். என்.ஓ.சி. கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸுக்கு முன் கடைசியாக ஒன்று. முதல் ஸ்கேனை அச்சிட்டு வைத்துக்கொண்டு, 40, 50 கிலோமீட்டர் ஓட்டுங்கள்: பாதி நெரிசலில், பாதி பைபாஸில், ஏசி முழுதாக வைத்து, இரண்டு மேம்பாலம் ஏறி. எஞ்சினை அணைத்து கால் மணி நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து, எல்லா மாட்யூலையும் இரண்டாம் முறை படியுங்கள். அழிக்கப்பட்ட கோடுகளில் உண்மையானவை இந்தத் தூரத்துக்குள் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். முதல் அச்சோடு ஒப்பிட்டுப் புதிதாக வந்ததை மேலே உள்ள அறிகுறியோடு பொருத்திப் பார்த்து, பழுது விலையை எழுதிக்கொண்டு, பேரத்துக்கு உட்காருங்கள்.